24 ஆண்டு ஆட்சியை எப்படி எடைபோடுவது? ஒடிசாவை வைத்து ஒரு பாடம்

2024 மே மாதம் ஒடிசாவில் தேர்தல் நடந்தபோது, தமிழ்நாட்டில் அதைப் பற்றிப் பேசப்பட்டது பெரும்பாலும் ஒரு சாவியை ஒட்டித்தான். பூரி ஜெகந்நாதர் கோயில் கருவூலமான ரத்ன பண்டாரின் சாவி தமிழகத்துக்குப் போய்விட்டது என்று பிரதமர் மேடையில் பேசினார். முதல்வர் ஸ்டாலின் அதைக் கண்டித்தார். தமிழ்நாட்டில் பிறந்து, ஒடிசாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, பதவியை விட்டுவிட்டு, அங்கே அப்போது ஆண்ட பிஜு ஜனதா தளத்தில் சேர்ந்த வி.கே. பாண்டியனைக் குறிவைத்து எழுந்த பேச்சு அது. இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது அந்தத் தேர்தலின் உண்மையான கேள்வி. 2000 மார்ச் முதல் ஒருநாள்கூட இடைவெளி இல்லாமல் முதல்வராக இருந்த நவீன் பட்நாயக்கின் ஆட்சி, அந்த மாநிலத்துக்கு என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது?

நீண்ட கால ஆட்சியை எடைபோடுவது ஐந்தாண்டு ஆட்சியை எடைபோடுவது போன்றதல்ல. ஐந்தாண்டு ஆண்ட கட்சியிடம் "சொன்னதைச் செய்தாயா" என்று கேட்டாலே பெரும்பாலும் போதும். 20, 25 ஆண்டு ஆண்ட கட்சியிடம் அந்தக் கேள்வி செல்லாது. அவ்வளவு காலத்தில் நாடே மாறிவிடுகிறது. சாலை வருகிறது, செல்போன் வருகிறது, பிறக்கும் குழந்தைகள் அதிகம் பிழைக்கின்றன. இதில் ஆட்சியின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் முழு வேலையும். அதற்கு ஒடிசா நல்ல பாடம். ஒரே முதல்வர், நீண்ட காலம், பொதுவெளியில் கிடைக்கும் கணக்குகள் என மூன்றும் அங்கே சேர்ந்து அமைந்திருக்கின்றன.

தொடங்குமுன் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2000 முதல் 2009 வரை அந்த ஆட்சியில் பா.ஜ.க.வும் பங்காளி. ஆகவே முதல் ஒன்பது ஆண்டுகளின் நல்லதும் கெட்டதும் இரண்டு கட்சிகளுக்கும் சேரும். நீண்ட ஆட்சிகளில் இது அடிக்கடி மறக்கப்படும் விஷயம். யார் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை ஆட்சியில் இருந்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

நாட்டின் ஓட்டத்தைக் கழித்துப் பார்ப்பது

ஆளும் கட்சி எப்போதும் தான் பதவியேற்ற ஆண்டோடு இன்றைய நிலையை ஒப்பிடும். எதிர்க்கட்சி எப்போதும் நாட்டின் முதலிடத்தில் உள்ள மாநிலத்தோடு ஒப்பிடும். இரண்டுமே வசதிக்காகத் தேர்ந்தெடுத்த அளவுகோல்கள்.

குழந்தை இறப்பு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறையும் முன் எத்தனை இறக்கின்றன என்ற கணக்கு இது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 'மாதிரிப் பதிவு முறை' என்ற ஏற்பாட்டின் வழியே வெளியிடுகிறது. மாநில அரசு தயாரிப்பதல்ல என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஒடிசாவில் இது 2000இல் 95 அளவில் இருந்தது. அன்று பெரிய மாநிலங்களில் மிக மோசமான எண் அதுதான். 2010இல் 61. 2020இல் 36. இந்திய சராசரி அதே ஆண்டுகளில் 68, 47, 28.

ஆளும் கட்சி சொல்லும்: "95இல் இருந்து 36க்குக் கொண்டுவந்தோம்." உண்மை. எதிர்க்கட்சி சொல்லும்: "தமிழ்நாட்டில் 13, இங்கே இன்னும் 36." அதுவும் உண்மை. இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, ஒடிசாவின் எண்ணை இந்தியாவின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 2000இல் 95ஐ 68ஆல் வகுத்தால் 1.40. அதாவது ஒடிசாவில் பிறந்த குழந்தைக்கு ஆபத்து நாட்டு சராசரியைவிட 40 சதவீதம் அதிகம். 2010இல் 1.30. 2020இல் 1.29.

இந்த மூன்று எண்கள் ஒரு மேடைப் பேச்சும் சொல்லாததைச் சொல்கின்றன. முதல் பத்தாண்டில் ஒடிசா நாட்டைவிட வேகமாக ஓடியது. இடைவெளி நிஜமாகவே குறுகியது. இரண்டாவது பத்தாண்டில் நாடு எந்த வேகத்தில் போனதோ ஏறக்குறைய அதே வேகத்தில் ஒடிசாவும் போனது. இறப்பு தொடர்ந்து குறைந்தது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குறைவில் மாநில ஆட்சியின் தனிச் சாதனை என்று சொல்லத்தக்க பகுதி 2010க்குப் பிறகு மிகச் சிறியது.

இங்கே தொடக்கநிலையில் இருப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. வகுக்காமல் கழித்துப் பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும். ஒடிசாவுக்கும் நாட்டுக்கும் உள்ள இடைவெளி 27இல் இருந்து 14 ஆகி, பிறகு 8 ஆகியிருக்கிறது. இரண்டு பத்தாண்டுகளிலும் நல்ல முன்னேற்றம்போலத் தோன்றும். ஆனால் இரண்டு எண்களும் சுருங்கும்போது அவற்றின் இடைவெளியும் தானாகச் சுருங்கும். அதற்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. மறுபக்கம், சதவீதம் மட்டும் பார்த்தால் 51இல் இருந்து 13க்கு வந்த தமிழ்நாடு 75 சதவீதமும், ஒடிசா 62 சதவீதமும் குறைத்ததாக வரும். ஆனால் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கையில் ஆயிரத்துக்கு 59 என்ற ஒடிசாவின் கணக்கு தமிழ்நாட்டின் 38ஐவிடப் பெரியது. எனவே கழித்தும் பாருங்கள், வகுத்தும் பாருங்கள். இரண்டும் ஒரே திசையில் காட்டினால் நம்பலாம். வேறு வேறு திசை காட்டினால், எவர் எதைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

வறுமைக் கணக்கிலும் இதே வித்தையைச் செய்யலாம். வறுமைக்கோட்டை வகுக்க அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2004-05இல் ஒடிசாவில் 57.2 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே, 2011-12இல் 32.6. நாட்டில் 37.2இல் இருந்து 21.9. வகுத்தால் 1.54இல் இருந்து 1.49. ஏழு ஆண்டில் மாநிலத்தின் நான்கில் ஒருவர் வறுமையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். ஆனால் நாட்டோடு ஒப்பிட்ட இடம் பெரிதாக மாறவில்லை. நிதி ஆயோக் வெளியிடும் பல பரிமாண வறுமைக் கணக்கோ வேறு கதை சொல்கிறது. வீட்டில் கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிவாயு, பள்ளிப் படிப்பு, ஊட்டச்சத்து போன்றவற்றை வைத்துக் கணக்கிடுவது அது. அதன்படி ஒடிசா 2015-16இல் 29.3 சதவீதம், 2019-21இல் 15.7. நாடு 24.9இல் இருந்து 15.0. விகிதம் 1.18இல் இருந்து 1.05க்கு வந்துவிட்டது. கையில் உள்ள காசை அளக்கும் கணக்கும், வீட்டில் உள்ள வசதியை அளக்கும் கணக்கும் ஒன்றல்ல. இரண்டாவதில் ஒடிசா நாட்டை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது.

முதலாவதில்? தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, 2024 பிப்ரவரியில், 2022-23 குடும்பச் செலவு ஆய்வின் முடிவுகள் வந்தன. ஒடிசா கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 2,950 ரூபாய். இந்தியக் கிராமங்களின் சராசரி 3,773. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் ஆகிய இரண்டு மட்டுமே ஒடிசாவுக்குக் கீழே. மாநிலத்தின் மொத்த உற்பத்தி வேகமாக வளர்வதாகச் சொல்லும்போது கிராமத்துச் செலவு ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது? காரணம் சுரங்கமும் உலோக ஆலையும். இரும்புத்தாது வெட்டியெடுத்தால் அதன் மதிப்பு முழுவதும் மாநில உற்பத்தியில் சேரும். ஆனால் அதில் கூலியாக உள்ளூர்க் குடும்பத்துக்குப் போவது சிறு பங்கு. கனிமம் நிறைந்த எந்த மாநிலத்திலும் உற்பத்தி வளர்ச்சியை மட்டும் பார்த்து ஆட்சிக்கு மதிப்பெண் போடக் கூடாது. குடும்பச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விலைவாசியையும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 24 ஆண்டில் எல்லாம் நான்கு மடங்கு ஆகிவிடும். "பட்ஜெட் இத்தனை மடங்கு, தனிநபர் வருமானம் இத்தனை மடங்கு" என்று வரும் எந்தக் கூற்றையும் முதலில் நான்கால் வகுத்துவிட்டு யோசியுங்கள். நிலையான விலையில் கணக்கிட்ட எண் கிடைத்தால் அதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

யார் செய்தது, யார் பணம்

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது. காவல், பொதுச் சுகாதாரம், விவசாயம், பாசனம், நிலம் ஆகியவை மாநிலத்தின் பொறுப்பு. கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில். ரயில், தேசிய நெடுஞ்சாலை, வானிலை எச்சரிக்கை மத்திய அரசுடையவை. ஒரு சாதனையையோ தோல்வியையோ யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கு ஒடிசாவின் புயல் கணக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை. 1999 அக்டோபர் 29 அன்று கரையைக் கடந்த பெரும்புயலில் இறந்தவர்கள் சுமார் 10 ஆயிரம். 2013 அக்டோபர் 12 அன்று வந்த பைலின் புயலின்போது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது. 2019 மே 3 அன்று பூரி அருகே கரையேறிய ஃபானியின்போது சுமார் 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள், இறந்தவர்கள் 64. ஆயிரங்களில் இருந்தது பத்துகளுக்கு வந்திருக்கிறது.

இதைப் பிரித்துப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பு உருவானது 1999 டிசம்பரில். நவீன் பட்நாயக் அப்போது முதல்வர் அல்ல. காங்கிரஸ் ஆட்சியின் கடைசி மாதங்கள் அவை. விதை முந்தைய ஆட்சியுடையது. புயல் எங்கே, எப்போது, எந்த வேகத்தில் கரையேறும் என்று நாட்கணக்கில் முன்பே துல்லியமாகச் சொல்லும் திறன் இந்திய வானிலை ஆய்வு மையத்துடையது. கரையோரத்தில் 800க்கும் மேல் எழுந்த புயல் காப்பகங்களில் உலக வங்கிக் கடனும் மத்திய நிதியும் கலந்திருக்கின்றன. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 1999 புயல் பின்னால் வந்த இரண்டையும்விடக் கடுமையானது, கரையேறிய பின்னும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. இவ்வளவையும் கழித்த பிறகும் பெரிய மீதி ஒன்று நிற்கிறது. எச்சரிக்கை வந்த சில மணி நேரத்தில் 12 லட்சம் பேரை வீட்டை விட்டுக் கிளப்பிப் பாதுகாப்பான கூரையின் கீழ் சேர்ப்பது மாவட்ட ஆட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி, காப்பகத்தின் சாவியை வைத்திருக்கும் உள்ளூர்க் குழு எல்லாரும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் நடக்கும். காப்பகத்தைக் கட்டுவது ஒரு முறை செய்யும் செலவு. ஒவ்வொரு ஆண்டும் ஒத்திகை நடத்தி, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்து, இருபது ஆண்டு அதைத் தளர்த்தாமல் காப்பாற்றியது அந்த ஆட்சியின் சொந்தச் சாதனை. தயங்காமல் அவர்கள் கணக்கில் எழுதலாம்.

அதே ஃபானியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. பூரியிலும் புவனேஸ்வரத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. உயிரைக் காப்பாற்றக் கற்ற அரசு, வீட்டையும் மின்கம்பியையும் காப்பாற்ற இன்னும் கற்கவில்லை என்பதும் அதே ஏட்டில் பக்கத்துக் கட்டத்தில் எழுதப்பட வேண்டியது.

பணத்தின் பக்கம் அரிசியை எடுத்துக்கொள்ளலாம். ஒடிசா 2008 ஆகஸ்டில் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுக்க ஆரம்பித்து, 2013 பிப்ரவரியில் 1 ரூபாய் ஆக்கியது. தேர்தல் மேடையில் இது முழுக்க முழுக்க மாநிலத்தின் கொடை. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு அந்த அரிசியைக் கிலோ 3 ரூபாய்க்கு மாநிலத்துக்குத் தந்தது. கொள்முதல், சேமிப்பு, போக்குவரத்து சேர்த்தால் அதன் அடக்கச் செலவோ 30 ரூபாய்க்கு மேல். மாநிலம் சேர்த்தது கிலோவுக்கு 2 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து அந்த அரிசியை மத்திய அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால் மத்திய அரசின் பட்டியலில் விடுபட்ட சுமார் 25 லட்சம் பேருக்கு 2018இல் மாநிலம் தனியாக ஒரு உணவுத் திட்டம் தொடங்கியது; அது முழுவதும் மாநிலப் பணம். எந்தத் திட்டத்தைக் கேட்டாலும் "நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் யாருடையது" என்று கேளுங்கள். பட்ஜெட் ஆவணங்களில் மத்திய அரசின் பங்கும் மாநிலப் பங்கும் தனித்தனி வரியாகவே இருக்கும்.

கணக்குப் புத்தகத்தைப் படிக்கும் விதம்

2000களின் தொடக்கத்தில் ஒடிசா திவாலின் விளிம்பில் இருந்த மாநிலம். கடன், மாநில உற்பத்தியில் பாதிக்கும் மேல். 2005இல் நிதிப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. 2005-06 முதல் வருவாய்க் கணக்கில் உபரி, அதாவது அன்றாடச் செலவுகளைவிட வருமானம் அதிகம். இதற்குப் பன்னிரண்டாம் நிதிக்குழுவின் கடன் சலுகையும், நாடு முழுவதும் அப்போது வந்த மதிப்புக்கூட்டு வரியும் துணை. ஆனாலும் சலுகையைப் பெற்ற எல்லா மாநிலங்களும் இவ்வளவு கட்டுப்பாட்டோடு நடந்துகொள்ளவில்லை.

உபரி என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிடக் கூடாது. பணம் மிச்சமானால், எதைச் செய்யாமல் மிச்சமானது என்று கேட்க வேண்டும். ஒடிசாவில் விடையின் ஒரு பகுதி ஆள் எடுக்காததில் இருந்தது. நிரந்தரப் பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன, நிரப்பப்படாமல் கிடந்தன. 2013 முதல் பல பணிகளுக்கு ஒப்பந்த முறை வந்தது. 2022 அக்டோபரில்தான் அந்த முறையை அரசு கைவிட்டு, 57 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நிரந்தரமாக்கியது. தொலைதூர மாவட்டத்தில் டாக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையமும் ஆசிரியர் போதாத பள்ளியும் அந்த உபரியின் மறுபக்கம்.

சுரங்கப் பணமும் இப்படித்தான். 2021-22இல் ஒடிசாவின் சுரங்க வருவாய் சுமார் 50 ஆயிரம் கோடி ரூபாய்க்கு எகிறியது. சுரங்கங்களை ஏலத்தில்தான் விட வேண்டும் என்று கட்டாயமாக்கியது 2015இல் நாடாளுமன்றம் திருத்திய சட்டம். பழைய குத்தகைகள் 2020 மார்ச்சில் முடிந்து ஏலம் நடந்த பிறகு, உலகச் சந்தையில் இரும்பு விலையும் ஏறியது. ஏலத்தை இழுத்தடிக்காமல் நடத்தியதற்கு மாநிலத்துக்குப் பாராட்டு உண்டு. ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அனுமதி இல்லாமலும் அனுமதித்த அளவைத் தாண்டியும் தாது வெட்டப்பட்டது. 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தாதுவின் முழு மதிப்பையும் குத்தகைதாரர்களிடம் வசூலிக்கச் சொன்னது. அந்த ஆண்டுகளில் மாநிலச் சுரங்கத் துறை அதே அரசின்கீழ்தான் இருந்தது.

புத்தகத்தைத் திறக்கும்போது ஒரு நடைமுறைக் குறிப்பு. மாநில பட்ஜெட்டில் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு பத்திகள் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. விளம்பரத்தில் வருவது எப்போதும் கடைசிப் பத்தி. அது வெறும் உத்தேசம். நீங்கள் படிக்க வேண்டியது முதல் பத்தி. ஐந்தாண்டு பட்ஜெட்களை எடுத்து, ஒரு துறைக்கு அறிவித்த தொகையையும் இரண்டு ஆண்டு கழித்து உண்மைக் கணக்கில் வந்த தொகையையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். நூறு அறிவித்து எழுபது செலவழிக்கும் துறை எது என்று ஒரு மாலைக்குள் தெரிந்துவிடும். தலைமைக் கணக்குத் தணிக்கையரின் மாநில நிதி அறிக்கையில் இன்னும் மூன்றைத் தேடுங்கள்: நிலுவையில் உள்ள பயன்பாட்டுச் சான்றிதழ்கள், மார்ச் மாதத்தில் மட்டும் நடந்த செலவின் பங்கு, பட்ஜெட்டுக்கு வெளியே அரசு நிறுவனங்கள் பெயரில் வாங்கிய கடன். பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை என்றால் பணம் கொடுக்கப்பட்டது தெரியும், வேலை நடந்ததா என்பது தெரியாது என்று பொருள்.

மோசமானவற்றைத் தேடிப் போவது

ஆளும் கட்சி தன் கையேட்டில் போடாத எண்களை நீங்களே தேடிப் போக வேண்டும். அதற்குச் சிறந்த இடம் தேசிய குடும்ப நல ஆய்வு. ஒரே கேள்விகள், ஒரே முறை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. மாநில வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் கிடைக்கும்.

அதில் ஒடிசாவுக்குப் பெருமை தரும் எண்கள் நிறைய. மருத்துவமனைப் பிரசவம் 2005-06இல் 36 சதவீதம். நாட்டு சராசரியான 39ஐவிடக் குறைவு. 2015-16இல் 85, 2019-21இல் 92. நாடு 79, 89. கீழே இருந்து மேலே போயிருக்கிறது. நாட்டின் ஓட்டத்தைக் கழித்த பிறகும் நிற்கும் முன்னேற்றம் இது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 45இல் இருந்து 31 சதவீதமாகக் குறைந்தார்கள். நாட்டில் 48இல் இருந்து 35.5.

இப்போது அதே அறிக்கையில் சில வரிகள் கீழே இறங்குங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 51.0 சதவீதம், 2019-21இல் 64.3. நாடு முழுவதும் இது கூடியிருக்கிறது, 53.1இல் இருந்து 57.0. விரல் நுனியில் எடுக்கும் ரத்தத்தில் சோதிப்பதால் பிழை வரலாம் என்ற விவாதமும் உண்டு. ஆனால் அந்தப் பிழை எல்லா மாநிலத்துக்கும் பொதுவானது. நாட்டில் 4 புள்ளி கூடியபோது ஒடிசாவில் 13 புள்ளி கூடியிருக்கிறது. 70 லட்சம் பெண்களை மிஷன் சக்தி சுயஉதவிக் குழுக்களில் திரட்டியதையே தன் முகமாகக் காட்டிய அரசிடம், மூன்றில் இரண்டு பெண்களுக்கு ரத்தசோகை இருப்பது ஏன் என்று கேட்க வேண்டிய இடம் இது. 2024 பிரச்சாரத்தில் கோயில் சாவிக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அதே ஆய்வில் குழந்தைத் திருமணம் 21.3இல் இருந்து 20.5 ஆனது. இதை முன்னேற்றம் என்று எழுதக் கூடாது. மாதிரி ஆய்வில் ஒரு புள்ளி வித்தியாசம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஐந்தாண்டாக அசையவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

ஒற்றை ஆண்டின் எண்ணைக் கண்டு துள்ளுவதும் தவறு. மத்தியக் கல்வி அமைச்சகக் கணக்கின்படி ஒடிசாவில் 9, 10ஆம் வகுப்பு இடைநிற்றல் 2021-22இல் 27.3 சதவீதம், நாட்டில் 12.6. அதற்கு முந்தைய ஆண்டு ஒடிசாவில் 16 அளவில்தான் இருந்தது. ஒரே ஆண்டில் 11 புள்ளி ஏறினால், பள்ளி மூடிக்கிடந்த கொரோனா காலத்தில் பிள்ளைகள் உண்மையிலேயே வேலைக்குப் போய்விட்டார்களா, அல்லது பதிவேட்டில் பெயர் நீக்கிய முறை மாறியதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது. ஆனால் 16 என்றாலும் அது அதிகம்தான். கட்டடத்துக்கு வண்ணம் அடித்து ஸ்மார்ட் வகுப்பறை வைத்ததைப் பள்ளிகளைப் புதுப்பிக்கும் '5டி' திட்டத்தின் வெற்றியாகக் காட்டும்போது, அந்த வகுப்பறையில் பத்தாம் வகுப்புவரை எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சராசரிக்குள் மறையும் மாவட்டங்கள்

நீண்ட ஆட்சியில் மிக எளிதாக மறைந்துபோவது மாவட்ட வித்தியாசம். ஒடிசாவின் கடற்கரை ஒரு மாநிலம், மேற்கும் தெற்கும் வேறொரு மாநிலம். பழைய கோராபுட், பலாங்கீர், காலாஹண்டி மாவட்டங்களைப் பிரித்து உருவான எட்டு மாவட்டங்களை 'கே.பி.கே.' என்பார்கள். 1980களில் பட்டினிச் செய்திகளால் நாடெங்கும் அறியப்பட்ட பகுதி அது.

பல பரிமாண வறுமை மாநில அளவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த அதே காலத்தில், மல்கான்கிரியில் 58.7இல் இருந்து 45.0க்குத்தான் இறங்கியது. கால்வாசிகூட இல்லை. பலிமேலா நீர்த்தேக்கம் துண்டித்துவிட்ட 151 கிராமங்களைக் கரையோடு இணைக்கும் குருப்பிரியா பாலம் அங்கே திறக்கப்பட்டது 2018 ஜூலையில். மாவோயிஸ்ட் தாக்குதல்களுக்கு நடுவே அதைக் கட்டி முடித்தது பெரிய காரியம். அந்த ஆட்சி தொடங்கிப் பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு நடந்தது என்பதும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஒடிசாவுக்குப் போக வேண்டியதில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் பலாங்கீர், நுவாபடா மாவட்டக் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஆறேழு மாதம் கல் அறுக்கின்றன. ஊரில் நல்ல வேலை இருந்தால் கைக்குழந்தையோடு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி யாரும் சூளைக்கு வரமாட்டார்கள். எந்தப் புள்ளிவிவரமும் கிடைக்காத நிலையில்கூட, ஒரு மாவட்டத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வெளியேறுகிறார்களா என்பது நம்பகமான அளவுகோல். அது இருபது ஆண்டாகக் குறையவில்லை என்றால், அங்கே போய்ச் சேர்ந்த திட்டங்களின் பட்டியலைவிட அதற்கே எடை அதிகம்.

கடைசி ஐந்து ஆண்டுக்குத் தனிக் கணக்கு

மேலே பார்த்த எண்கள் சிலவற்றில் ஒரே மாதிரியான ஓட்டம் வருகிறது. ஆரம்ப ஆண்டுகளில் பெரிய பாய்ச்சல், பிறகு நாட்டோடு சேர்ந்த நடை. நீண்ட ஆட்சிகளுக்கு இது பொதுவானது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பழங்களை முதல் பத்து ஆண்டில் பறித்துவிடலாம். மருத்துவமனைக்குக் கர்ப்பிணியை வரவழைக்க 108 வண்டியும், ஆஷா பணியாளரும், 2011இல் வந்த 5,000 ரூபாய் மமதா உதவித்தொகையும் போதும். வந்த பிறகு நல்ல சிகிச்சை கொடுக்கச் சிறப்பு மருத்துவர் வேண்டும். அவரைக் கோராபுட்டில் தங்கவைக்க வேண்டும். அது வேறு வகை ஆட்சித் திறன். வாக்காளர் தேர்ந்தெடுப்பது அடுத்த ஐந்து ஆண்டுக்கான அரசை. எனவே 24 ஆண்டின் மொத்தத்தைவிடக் கடைசிப் பத்து ஆண்டின் வேகத்துக்கு, அதிலும் கடைசி ஐந்துக்கு, இரட்டிப்பு எடை கொடுப்பதே நியாயம்.

தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதத்தில் வந்த அறிவிப்புகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்துவிடுங்கள். விவசாயிகளுக்கு நேரடியாகப் பணம் தரும் காலியா திட்டம் 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் முதல் தவணை போய், ஏப்ரலில் தேர்தல் நடந்தது. திட்டம் தேவையற்றது என்று இதற்குப் பொருளல்ல. குத்தகை விவசாயியையும் நிலமற்றவரையும் சேர்த்ததில் அது மற்ற பல திட்டங்களைவிடச் சிறந்தது. ஆனால் அதை ஆட்சியின் சாதனைப் பத்தியில் வைக்காமல் வாக்குறுதிப் பத்தியில் வைக்க வேண்டும். தேர்தல் முடிந்த அடுத்த இரண்டு ஆண்டுகளின் உண்மைக் கணக்கில் அந்தத் தொகை நீடித்ததா, குறைந்ததா என்று பார்த்த பிறகே இடம் மாற்றலாம்.

தேர்தல் முடிவை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2024 சட்டமன்றத் தேர்தலில் பிஜு ஜனதா தளம் 40.22 சதவீத வாக்கு வாங்கி 51 இடங்களில் வென்றது; பா.ஜ.க. 40.07 சதவீதம் வாங்கி 78 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது. வாக்கில் முந்தியவர்கள் இடத்தில் தோற்றார்கள். நவீன் பட்நாயக் இரண்டு தொகுதிகளில் நின்று, ஹிஞ்சிலியில் வென்று காண்டாபாஞ்ஜியில் தோற்றார். பலாங்கீர் மாவட்டத்தில் உள்ள காண்டாபாஞ்ஜி, சூளைகளுக்குப் போகும் குடும்பங்கள் ரயிலேறும் ஊர்.

2024 ஜூன் 12 அன்று மோகன் சரண் மாஜி தலைமையில் புதிய அரசு பதவியேற்றது. அவர்களை எடைபோட விரும்புகிறவர்கள் 2029 வரை காத்திருக்க வேண்டாம். தொடக்க எண்களை இப்போதே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைக்கலாம்: குழந்தை இறப்பு 36, பெண்களில் ரத்தசோகை 64.3, மல்கான்கிரியின் வறுமை 45.0, கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 2,950 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே ஆண்டின் இந்திய எண்ணையும் எழுத வேண்டும். அந்த இரண்டாவது எண்ணைத்தான் பின்னால் எல்லாரும் மறப்பார்கள்.